ஸ்லாப்டி காரணமே சொல்லாமல் விழுகிறதா? லைப்ரரி பதிப்பு மோதலைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

காலை ஒன்பதரைக்கு ஃபோன். மெயில் திறக்கவில்லை, வைஃபை பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது, அலுவலகத்தில் யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. சர்வருக்குள் போய்ப் பார்த்தால், பயனர்களின் பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்திருக்கும் ஓப்பன்எல்டாப் டைரக்டரி சர்வரின் நிரலான ஸ்லாப்டி ஓடவில்லை. ஸ்டார்ட் கொடுத்தேன், எழுந்தது. ஒரு பயனர் பெயரைத் தேடினேன், பதில் வந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடி படுத்துவிட்டது. ஸ்லாப்டியின் லாகில் ஒரு வரிகூட இல்லை. கெர்னல் லாகில் மட்டும் ஒரே ஒரு வரி: ஸ்லாப்டி, செக்ஃபால்ட், முகவரி 0, ஐபி 0, எரர் 14. செக்ஃபால்ட் என்றால் தொடக் கூடாத மெமரியைத் தொட்டு நிரல் விழுந்தது; இங்கே ஐபி என்பது நெட்வொர்க் முகவரி அல்ல, நிரல் அப்போது ஓட்டிய கட்டளையின் மெமரி முகவரி.

அன்று மதியம் வரை நான் டேட்டாபேஸைத்தான் சந்தேகித்தேன். இண்டெக்ஸ் கெட்டுவிட்டதோ, டிஸ்க் நிறைந்ததோ என்று தேடிக்கொண்டிருந்தேன். உண்மையில் டேட்டாவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஒரே ப்ராசஸுக்குள், டேட்டாவை டிஸ்க்கில் வைத்து எடுத்துத் தரும் பெர்க்லி டிபி என்ற லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் ஏறி உட்கார்ந்திருந்தன. அவ்வளவுதான் வியாதி. அதைக் கண்டுபிடிக்க அன்று நான் சுற்றிய சுற்றை நீங்கள் சுற்ற வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். டேட்டாவில் கை வைக்கும் முன், ஓடுகிற ப்ராசஸின் மெமரியில் உண்மையாகவே எந்த லைப்ரரி இருக்கிறது என்று பாருங்கள். பேக்கேஜ் பட்டியல் சொல்வது வேறு, மெமரியில் இருப்பது வேறு.

இங்கே எடுத்துக்கொள்வது ஓப்பன்எல்டாப் 2.4, பெர்க்லி டிபி மேல் ஓடும் பழைய சர்வர். 2007-இல் வந்த இந்தப் பதிப்பு வரிசை இன்னமும் பல இடங்களில் யாரும் தொடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய பதிப்புகளுக்கும், மற்ற டைரக்டரி சர்வர்களுக்கும் தேடும் முறை இதேதான். கட்டளைகளை நாம் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதல் பத்து நிமிடம்: சரிசெய்ய முயலாதீர்கள்

முதலில் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்துங்கள். சிஸ்டம்டியிலோ வேறு கண்காணிப்பு நிரலிலோ விழுந்தால் தூக்கிவிடும்படி அமைத்திருப்பீர்கள். சாதாரண நாளில் அது நல்லது. ஆனால் பெர்க்லி டிபி உள்ள ஸ்லாப்டி ஒவ்வொரு முறை கிராஷ் ஆகும்போதும் டேட்டாபேஸ் முறையாக மூடப்படாமல் நிற்கிறது. அடுத்த முறை எழும்போது ஸ்லாப்டி அதைத் தானே கவனித்து ரெகவரி செய்யத் தொடங்கும். தவறான லைப்ரரி கையில் ரெகவரி போவதை நீங்கள் விரும்பமாட்டீர்கள். ரெப்ளிகா, அதாவது இதே டேட்டாவின் நகலோடு ஓடும் இன்னொரு சர்வர், இருந்தால் கிளையன்ட்களை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு நிதானமாக வேலை பாருங்கள். அந்த நிதானம்தான் பெரிய உதவி.

அப்புறம் நகல். ஸ்லாப்டி நின்ற நிலையில் டேட்டா கோப்பகத்தை, பெரும்பாலும் வார் லிப் எல்டாப் அல்லது அதன் உள்ளே, அனுமதிகள் மாறாமல் முழுசாக நகலெடுங்கள். பிடிபி முடிவுள்ள கோப்புகள் மட்டும் போதாது. லாக் என்று தொடங்கிப் பத்து இலக்க எண்ணோடு முடியும் டிரான்சாக்ஷன் லாக்குகள், இரட்டை அண்டர்ஸ்கோரில் தொடங்கும் டிபி.001, டிபி.002 கோப்புகள், டிபி கான்ஃபிக் எல்லாமே வேண்டும். டிரான்சாக்ஷன் லாக்குகளைச் சிலர் வேறு டிஸ்க்கில் வைத்திருப்பார்கள். டிபி கான்ஃபிக்கைத் திறந்து பார்த்தால் அந்த இடம் தெரியும், அதையும் எடுங்கள்.

முடிந்தால், டேட்டாவை வெளியே எடுத்துத் தரும் ஸ்லாப்கேட் ஓட்டி, எல்டிஃப் என்ற எழுத்துக் கோப்பாகவும் ஒரு நகல். ஒரு விஷயம்: 2.4-இல் ஸ்லாப்கேட், டேட்டாவைத் திரும்ப ஏற்றும் ஸ்லாப்ஆட், அமைப்பைச் சோதிக்கும் ஸ்லாப்டெஸ்ட் எல்லாம் தனி நிரல்கள் இல்லை. எல்லாம் ஸ்லாப்டி கோப்புக்கே வைத்த வேறு பெயர்கள். ஆகவே லைப்ரரி ஏறாமல் ஸ்லாப்டி தொடக்கத்திலேயே விழுந்தால் ஸ்லாப்கேட்டும் விழும். ஆனால் ஸ்லாப்கேட் நன்றாக ஓடி, ஸ்லாப்டி மட்டும் விழுகிறது என்றால் அது நல்ல துப்பு. டேட்டாவைப் படிக்கும் பகுதி நலமாக இருக்கிறது, கோளாறு வேறு எங்கோ. அன்று ஸ்லாப்கேட் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடி முடிந்தது. அதை அப்போதே கவனித்திருந்தால் மூன்று மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

எப்படி விழுந்தது என்று படியுங்கள்

விழுகிற விதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. ஸ்லாப்டியைச் சர்வீஸாகத் தொடங்காமல், மைனஸ் டி 1 கொடுத்து நேரடியாக டெர்மினலில் ஓட்டுங்கள். மைனஸ் டி கொடுத்தால், மதிப்பு 0 என்றாலும்கூட, அது பின்னணிக்குப் போகாது, கண்முன்னே ஓடும். சர்வீஸ் எந்தப் பயனராக ஓடுகிறதோ அதே பயனரை மைனஸ் யூவில் கொடுக்க மறக்காதீர்கள். ரூட்டாக ஓட்டிவிட்டால் சில கோப்புகள் ரூட் பெயரில் உருவாகி, பிறகு அனுமதிப் பிரச்சினை என்று இன்னொரு தலைவலி சேரும்.

எழவே எழாமல், ஷேர்டு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை என்றோ, சிம்பல் (லைப்ரரிக்குள் இருக்கும் ஃபங்ஷனின் பெயர்) கிடைக்கவில்லை என்றோ, குறிப்பிட்ட பதிப்பு இல்லை என்றோ சொல்லி 127 என்ற வெளியேறும் எண்ணோடு நின்றால், அது நிரலோடு லைப்ரரிகளை ஏற்றி இணைக்கும் டைனமிக் லோடரின் குரல். ஸ்லாப்டியின் நிரல் இன்னும் தொடங்கவே இல்லை. இது சுலபமான வகை. எந்தக் கோப்பு, எந்தச் சிம்பல் என்று செய்தியிலேயே இருக்கும்.

பிடிபி (பெர்க்லி டிபியின் சுருக்கம்) லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச், எதிர்பார்த்தது 4.8.30, கிடைத்தது 4.7.25 என்பது போன்ற செய்தி வந்தால், ஸ்லாப்டி தானே சோதித்து மறுத்திருக்கிறது. தொகுத்தபோது இருந்த ஹெடரின் எண்ணையும் இப்போது ஏறியிருக்கும் லைப்ரரியின் எண்ணையும் அது ஒப்பிடுகிறது. இதற்கு நன்றி சொல்ல வேண்டும். டேட்டாவைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிட்டது.

ப்ரோக்ராம் வெர்ஷன் 4.8, என்விரான்மென்ட் வெர்ஷன் 4.7, இரண்டும் பொருந்தவில்லை என்று வந்தால் லைப்ரரி சரியாகவே ஏறியிருக்கலாம். டேட்டா கோப்பகத்தில் கிடக்கும் டிபி.001 வகைக் கோப்புகள் பழைய பதிப்பு விட்டுப்போனவை. இதற்கான வைத்தியம் வேறு, கீழே தனியாகச் சொல்கிறேன்.

கடைசி வகைதான் கொடுமையானது. எழும், வேலை செய்யும், ஏதோ ஒரு கோரிக்கை வந்ததும் செய்தியே இல்லாமல் செக்ஃபால்ட் ஆகி விழும். எங்களுக்கு நடந்தது இதுதான்.

கெர்னல் வரியில் உள்ள எரர் எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. எக்ஸ்86 இயந்திரங்களில் அது பதினாறடிமான எண். 4 என்றால் இல்லாத முகவரியைப் படிக்கப் போய் விழுந்தது. 6 என்றால் எழுதப் போய் விழுந்தது. 14 என்றால் படிக்கவும் இல்லை, எழுதவும் இல்லை. இல்லாத முகவரிக்குத் தாவி அங்கிருந்து கட்டளையை எடுத்து ஓட்டப் பார்த்திருக்கிறது. அதாவது ஒரு ஃபங்ஷன் பாயின்டரில், ஓட்ட வேண்டிய ஃபங்ஷனின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில், குப்பை இருந்திருக்கிறது. 14-உம் ஐபி 0-உம் சேர்ந்து வந்தால் பதிப்பு மோதலை முதல் சந்தேகமாக வையுங்கள். அந்த வரியின் கடைசியில் எந்தக் கோப்பில் விழுந்தது என்று ஒரு பெயர் இருக்கும். ஐபி 0 ஆக இருக்கும்போது அந்தப் பெயரை நம்பாதீர்கள். பழைய கெர்னல்கள் மெமரியில் முதலில் இருக்கும் பகுதியின் பெயரைச் சும்மா எழுதிவிடும். எங்களுக்கு ஸ்லாப்டி என்று எழுதியிருந்தது.

எந்தக் கோரிக்கை கொல்கிறது?

அடுத்து, விழ வைக்கும் கோரிக்கையைப் பிடியுங்கள். கிளையன்ட்களைத் துண்டித்துவிட்டு ஒவ்வொன்றாக நீங்களே அனுப்பிப் பாருங்கள். முதலில் பெயரில்லாத தேடல். பிறகு டிஎன்னும் (டைரக்டரியில் ஒரு பதிவின் முழுப் பெயர்) பாஸ்வேர்டும் கொடுத்து லாகின் செய்யும் சிம்பிள் பைண்ட். பிறகு மறைகுறியாக்கிய இணைப்பான டிஎல்எஸ் வழியாக அதே பைண்ட். பிறகு, பல லாகின் முறைகளை ப்ளக்இன்களாகத் தரும் சாஸல் வழியாக, அதில் ஒரு முறையான டைஜஸ்ட் எம்டி5. கடைசியில் ஒரு பதிவைத் திருத்திப் பாருங்கள்.

டிஎல்எஸ் சேர்த்ததும் விழுந்தால் ஓப்பன்எஸ்எஸ்எல் அல்லது க்னூடிஎல்எஸ் பக்கம் போங்கள். தேடலிலேயே விழுந்தால், டேட்டாவைச் சேமிக்கும் பகுதியான பேக்எண்ட் பக்கம். எங்கள் சர்வரில் முதல் மூன்றும் சரியாக நடந்தன. டைஜஸ்ட் எம்டி5 கொடுத்த அந்த நொடியில் விழுந்தது. மெயில் ரிலே அந்த வழியில் வருகிறது, காலையில் முதல் மெயில் போகும்போது ஸ்லாப்டியும் போகிறது. ஒரு நிமிட மர்மம் அத்தோடு தீர்ந்தது.

கோர் டம்ப் எடுத்தல்

ஸ்லாப்டியிடமிருந்து கோர் டம்ப், அதாவது விழுந்த நொடியில் அதன் மெமரியின் நகல், வாங்குவது கொஞ்சம் சிரமம். அது ரூட்டாகத் தொடங்கி, வேறு பயனராக மாறிக்கொள்கிறது. அப்படி மாறிய ப்ராசஸுக்குக் கெர்னல் இயல்பாகக் கோர் எழுதாது. எஃப்எஸ் எஸ்யூஐடி டம்பபிள் என்ற சிஸ்கண்ட்ரோல் மதிப்பை 2 ஆக்க வேண்டும். கோர் பேட்டர்ன் முழுப் பாதையாகவோ பைப்பாகவோ இருக்க வேண்டும். சர்வீஸ் கோப்பில் கோர் அளவு வரம்பை நீக்க வேண்டும். வேலை முடிந்ததும் மறக்காமல் பழையபடி மாற்றுங்கள். டைரக்டரி சர்வரின் கோரில் பாஸ்வேர்டுகள் அப்படியே இருக்கும். அந்தக் கோப்பையும் பார்த்து முடித்ததும் அழித்துவிடுங்கள்.

இதைவிடச் சுலபம், பிழை தேடும் கருவியான ஜிடிபிக்குள்ளேயே ஸ்லாப்டியை மைனஸ் டி 0 கொடுத்து ஓட்டிவிட்டு, இன்னொரு டெர்மினலில் இருந்து அந்தக் கோரிக்கையை அனுப்புவது. விழுந்ததும் பிடி கட்டளை கொடுத்தால் யார் யாரை அழைத்தார்கள் என்ற வரிசை வரும். எங்களுக்கு வந்தது இப்படி: மேலே முகவரி 0, பெயர் தெரியவில்லை. அதற்குக் கீழே, சாஸல் கணக்குகளைத் தனிக் கோப்பில் வைக்கும் சாஸல்டிபி ப்ளக்இன். அதற்குக் கீழே சைரஸ் சாஸல் லைப்ரரி. அதற்கும் கீழேதான் ஸ்லாப்டி. விழுந்த இடத்தைவிட அதற்கு ஒரு படி கீழே இருப்பவரைத்தான் விசாரிக்க வேண்டும்.

மெமரியில் யார் இருக்கிறார்கள்?

எல்லோரும் முதலில் ஓடுவது எல்டிடிக்கு. ஸ்லாப்டியின் முழுப் பாதையைக் கொடுத்தால் அது சார்ந்திருக்கும் லைப்ரரிகளையும் அவை எங்கிருந்து வருகின்றன என்பதையும் காட்டும். எங்களுக்கு லிப்டிபி 4.8, யூஎஸ்ஆர் லோக்கல் லிப்பிலிருந்து. எதிர்பார்த்ததுதான், ஸ்லாப்டியும் பெர்க்லி டிபியும் பல வருடங்களுக்கு முன் அங்கே கையால் கம்பைல் செய்து வைத்தவை. எல்லாம் சரியாக இருக்கிறதே என்று நான் அதோடு விட்டேன். தவறு அங்கேதான்.

எல்டிடி காட்டுவது கோப்பில் எழுதியிருக்கும் உறவுகளை மட்டும். ஓடும்போது ஏற்றப்படும் ப்ளக்இன்கள் அதில் வராது. சாஸல் ப்ளக்இன்கள், ஸ்லாப்டியின் மாட்யூல்கள், பெயர் தேடும் என்எஸ்எஸ் மாட்யூல்கள் எல்லாம் இந்த வகை. ஆகவே சாஸல்2 கோப்பகத்தில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும், ஸ்லாப்டி மாட்யூல் கோப்பகத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எல்டிடி ஓட்டி, லிப்டிபி என்று வரும் வரிகளை மட்டும் எடுங்கள். அதே போல லிப்எஸ்எஸ்எல், லிப்கிரிப்டோ, லிப்எல்டாப் வரிகளையும். ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரே பதிப்பு, ஒரே பாதை வர வேண்டும். இரண்டு வந்தால் பிடித்துவிட்டீர்கள்.

இன்னொன்று: எல்டிடி உங்கள் ஷெல்லின் சூழலில் ஓடுகிறது, சர்வீஸின் சூழலில் இல்லை. லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி லைப்ரரி பாத் என்ற சூழல் மாறியைச் சர்வீஸ் கோப்பில் யாராவது வைத்திருந்தால் இரண்டு விடையும் மாறும்.

அதனால் கடைசி வார்த்தை ப்ராக் கோப்பகத்துக்குத்தான். ஸ்லாப்டி எழுந்ததும் அதன் ப்ராசஸ் எண்ணின் கீழ் உள்ள மேப்ஸ் கோப்பைப் படியுங்கள். மெமரியில் இருக்கும் ஒவ்வொரு லைப்ரரியும் முழுப் பாதையோடு இருக்கும். அங்கேதான் நான் பார்த்தேன், லிப்டிபி 4.8 ஒரு வரிக் கூட்டம், சில வரிகள் தள்ளி லிப்டிபி 4.7 இன்னொரு கூட்டம். சில பாதைகளின் பின்னால் டிலீட்டட் என்று இருந்தால், டிஸ்க்கில் அந்தக் கோப்பு மாற்றப்பட்டுவிட்டது, இந்த ப்ராசஸ் இன்னும் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இப்போது சந்தேகத்தை உறுதியாக்கும் சோதனை. எல்டி டீபக் என்ற சூழல் மாறிக்கு பைண்டிங்ஸ் என்று மதிப்புக் கொடுத்து, எல்டி டீபக் அவுட்புட் மாறியில் ஒரு கோப்புப் பெயர் கொடுத்து, ஸ்லாப்டியை ஓட்டுங்கள். எந்தக் கோப்பு கேட்ட எந்தச் சிம்பல் எந்தக் கோப்பிலிருந்து தரப்பட்டது என்று லோடர் ஒவ்வொன்றாக எழுதும். கோப்பு பெரிதாகும், பயப்பட வேண்டாம். விழ வைத்துவிட்டு அதன் கடைசி வரிகளைப் பாருங்கள். எங்களுக்கு வந்த வரியின் சாரம் இது: சாஸல்டிபி ப்ளக்இன் கேட்ட டிபி கிரியேட் என்ற சிம்பல், யூஎஸ்ஆர் லோக்கல் லிப்பில் உள்ள லிப்டிபி 4.8-இலிருந்து தரப்பட்டது. அந்த ப்ளக்இன் 4.7-க்காகக் கம்பைல் ஆனது. இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

ஏன் இப்படி நடக்கிறது

லினக்ஸில் ஒரு ப்ராசஸுக்குள் சிம்பல் பெயர்களுக்குப் பொதுவான ஒரு தேடல் வரிசை உண்டு. முதலில் பிரதான நிரலும் அது சார்ந்த லைப்ரரிகளும். அதற்குப் பிறகுதான் நடுவில் ஏற்றிய ப்ளக்இன் தன்னோடு கூட்டி வந்த லைப்ரரிகள். சாஸல்டிபி தன் 4.7-ஐக் கூட்டிக்கொண்டு வந்தது உண்மை. ஆனால் டிபி கிரியேட் எங்கே என்று கேட்டதும், வரிசையில் முன்னால் நின்ற 4.8 கை தூக்கிவிட்டது.

பெர்க்லி டிபியில் டிபி கிரியேட் திருப்பித் தருவது ஒரு பெரிய ஸ்ட்ரக்சர். திற, மூடு, எடு, வை என்று ஒவ்வொரு செயலுக்கும் அதில் ஒரு ஃபங்ஷன் பாயின்டர். அஞ்சறைப்பெட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பல வருடம் பழகிய கை பார்க்காமலே மூன்றாம் அறையில் கடுகை எடுக்கும். அதே கை, அடுக்கு மாறிய இன்னொரு வீட்டுப் பெட்டியில் விழுந்தால் எடுப்பது வேறு பொருள், அல்லது காலி அறை. 4.7-க்குப் பழகிய ப்ளக்இன், 4.8 அடுக்கிய பெட்டியில் திற என்ற பாயின்டர் இருக்கும் என்று நம்பிய இடத்தில் கை வைத்தது. அங்கே 0 இருந்தது. தாவியது, விழுந்தது. எரர் 14.

இது ஸ்லாப்டிக்கு மட்டும் வரும் நோயும் அல்ல. ஓப்பன்எல்டாப் 2.4-இல் லிப்எல்டாப் என்றும், த்ரெட்களுக்கான லிப்எல்டாப் ஆர் என்றும் இரண்டு லைப்ரரிகள் இருந்தன. 2.4.24 முதல் 2.4.31 வரையிலான பதிப்புகளில் இவை இரண்டும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ஒரே ப்ராசஸுக்குள் சேர்ந்துவிட்டால் வெளியேறும்போது கிராஷ் ஆகும். போஸ்ட்கிரெஸை கம்பைல் செய்யும்போதே இதற்கு ஓர் எச்சரிக்கை வரும். 2.5-இல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

எப்போது மாறியது?

எல்லோரும் கேட்கும் கேள்வி, நேற்று வரை ஓடியதே என்பது. நேற்றை மட்டும் பார்த்தால் பதில் கிடைக்காது. ப்ளக்இன்னையும் லைப்ரரியையும் ஸ்லாப்டி ஒரு முறை ஏற்றிவிட்டால், டிஸ்க்கில் பேக்கேஜ் மாறினாலும் அது பழையதையே வைத்துக்கொண்டு ஓடும். மூன்று வாரம் முன் போட்ட அப்டேட், இன்று மின்சாரம் போய் வந்த பிறகுதான் வேலையைக் காட்டும். ஆகவே பேக்கேஜ் வரலாற்றை ஸ்லாப்டி கடைசியாக எழுந்த தேதிக்கு முன்வரை பின்னோக்கிப் படியுங்கள். டெபியன் குடும்பத்தில் வார் லாகின் கீழ் டிபேக்கேஜ் லாகும் ஆப்ட் வரலாறும். ரெட்ஹேட் குடும்பத்தில் யம் ஹிஸ்டரி.

எங்கள் சர்வரில் பழைய நிர்வாகி சாஸல்டிபி ப்ளக்இன்னையும் 4.8-க்காகவே கம்பைல் செய்து, ஓஎஸ்ஸின் சாஸல்2 கோப்பகத்தில் வைத்திருந்தார். ஓஎஸ் அப்டேட் சைரஸ் சாஸல் பேக்கேஜைப் புதுப்பித்தபோது, அந்தக் கோப்பின் மேல் தன் கோப்பை எழுதிவிட்டது. அது 4.7. குறை சொல்ல யாரும் இல்லை. ஓஎஸ்ஸின் கோப்பகத்தில் ஓஎஸ் தன் வேலையைச் செய்தது.

சரிசெய்தல்

எதைச் செய்யக் கூடாது என்பது முதலில். ஒரு பதிப்பின் கோப்புப் பெயருக்கு இன்னொரு பதிப்பின் கோப்பைக் காட்டி சிம்லிங்க் போடாதீர்கள். லிப்டிபி 4.7 கேட்கிறதா, 4.8-க்கு ஒரு லிங்க் வைத்துவிடு என்ற யோசனை இணையத்தில் எங்கும் கிடைக்கும். எழாத சர்வர் எழுந்துவிடும், அதுதான் ஆபத்து. லோடர் கத்தி நிறுத்தியிருக்க வேண்டிய தவறு, ஓடும் நேரத்தில் மெமரியைக் கெடுக்கும் தவறாக மாறுகிறது. டைரக்டரி சர்வரில் அது எழுதும் பக்கத்தைக் கெடுத்தால், அந்தக் கேடு ரெப்ளிகாவுக்கும் போகும்.

உடனடி நிவாரணம் என்றால், தேவையில்லாத பக்கத்தை வெளியே எடுப்பது. நாங்கள் சாஸல்டிபி ப்ளக்இன்னைச் சாஸல்2 கோப்பகத்திலிருந்து வேறு இடத்துக்கு நகர்த்தினோம். ஸ்லாப்டி விழாமல் ஓடத் தொடங்கியது. மெயில் ரிலேயின் ஓரிரு கணக்குகள் மட்டும்தான் சாஸல்டிபியில் இருந்தன. அவற்றை டைரக்டரிக்குள்ளேயே பதிவுகளாக உருவாக்கினோம். ஸ்லாப்டிக்குச் சாஸலோடு பேச உள்ளேயே ஒரு வழி இருக்கிறது. சாஸல் ஆக்ஸ்ப்ராப்ஸ் அமைப்பைக் காலியாக விட்டால் அதையே பயன்படுத்தும். டைஜஸ்ட் எம்டி5-க்கு மட்டும் பாஸ்வேர்டு ஹாஷ் செய்யாமல் இருக்க வேண்டும். அதில் எனக்கு விருப்பமில்லாததால், ரிலேயை டிஎல்எஸ் மேல் சிம்பிள் பைண்டுக்கு மாற்றிவிட்டேன். சாஸல்டிபியே தேவையில்லாமல் போனது.

ப்ளக்இன் கட்டாயம் வேண்டும் என்றால் இரண்டு வழி. எல்லாவற்றையும் ஒரே பெர்க்லி டிபிக்காகக் கம்பைல் செய்வது ஒன்று. பெர்க்லி டிபியை யூனிக்நேம் என்ற தேர்வோடு கம்பைல் செய்து, ஸ்லாப்டியை அதோடு மறுபடி இணைப்பது இன்னொன்று. அந்தத் தேர்வு ஒவ்வொரு சிம்பல் பெயருக்குப் பின்னும் பதிப்பு எண்ணை ஒட்டிவிடும்; 4.8 என்றால் 4008. அப்போது 4.7 கேட்பவருக்கு 4.8 தவறுதலாகப் போகாது. டெபியன் தன் பெர்க்லி டிபியை இப்படித்தான் கட்டியது. ரெட்ஹேட் ஒரு காலத்தில் ஸ்லாப்டிக்கென்றே லிப்ஸ்லாப்டி டிபி என்ற தனிப் பெயரில் ஒரு நகலை அனுப்பியது. பெரிய விநியோகங்களே இந்த மோதலுக்காகத் தனி ஏற்பாடு செய்துகொண்டன.

பாதை வரிசையால் வரும் மோதலும் உண்டு. டெபியன் குடும்பத்தில் லோடரின் அமைப்பில் யூஎஸ்ஆர் லோக்கல் லிப் இயல்பாகவே இருக்கும். அங்கே ஏதாவது லைப்ரரியை மேக் இன்ஸ்டால் செய்து, லோடரின் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் ஓட்டினால், அதே பெயருள்ள ஓஎஸ் லைப்ரரிக்குப் பதிலாக எல்லா நிரல்களுக்கும் அதுதான் கிடைக்கும். இப்படிப்பட்டதைப் பொதுப் பாதையில் வைக்காமல், ஓபிடி என்று எழுதும் ஆப்ட் கோப்பகத்தின் கீழ் தனி இடத்தில் வைத்து, வேண்டிய நிரலை மட்டும் ஆர்பாத் (நிரலுக்குள்ளேயே எழுதிவைக்கும் லைப்ரரிப் பாதை) கொடுத்துக் கம்பைல் செய்யுங்கள். எல்டி லைப்ரரி பாத்தை நிரந்தரத் தீர்வாக வைக்காதீர்கள். அடுத்து வருபவருக்கு அது எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

என்விரான்மென்ட் பதிப்பு பொருந்தாதபோது

நான் மேலே ஒத்திவைத்த வகை இது. பெர்க்லி டிபியைப் பழையதிலிருந்து புதியதுக்கு மாற்றும்போது வரும். பழைய பதிப்பு இன்னும் கையில் இருந்தால் அதை வைத்தே ஸ்லாப்டியை ஒழுங்காக நிறுத்துங்கள். பழைய பதிப்பின் டிபி ரெகவரை டேட்டா கோப்பகத்தில் ஓட்டுங்கள். பிறகு அதே பழைய பதிப்பால் ஸ்லாப்கேட் எடுத்து, கோப்பகத்தைக் காலி செய்து, புதிய பதிப்பின் ஸ்லாப்ஆட்டால் ஏற்றுங்கள். டிபி அப்கிரேட் என்ற கருவியும் உண்டு. ஆனால் எல்டிஃப் வழி போவதையே நான் சொல்வேன். கண்ணால் படித்துச் சரிபார்க்க முடிகிற ஒரே வடிவம் அது.

பழைய பதிப்பு கையில் இல்லையா? புதிய பதிப்பின் ரெகவரை நகலின் மேல் மட்டும் ஓட்டிப் பாருங்கள், அசலின் மேல் ஒருபோதும் வேண்டாம். டிரான்சாக்ஷன் லாக்கின் வடிவமும் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியது. இன்னும் நல்ல வழி, பழைய ஓஎஸ் பதிப்பை ஒரு வெர்ச்சுவல் மெஷினில் போட்டு, நகலை அங்கே கொண்டுபோய் ஸ்லாப்கேட் எடுப்பது.

எம்டிபிக்கு மாறுதல்

இந்தத் தொல்லைக்கு வேர் மருந்து இதுதான். பெர்க்லி டிபியே வேண்டாத, எல்எம்டிபி என்ற வேறொரு லைப்ரரி மேல் ஓடும் எம்டிபி பேக்எண்ட் 2.4.27-இல், 2011-இலேயே வந்துவிட்டது. 2021-இல் வந்த 2.5-இல், பெர்க்லி டிபி மேல் ஓடிய பிடிபி, ஹெச்டிபி பேக்எண்ட்கள் இரண்டையும் அடியோடு நீக்கிவிட்டார்கள். ஆகவே 2.5-க்கோ 2.6-க்கோ போகிறவர்கள் பழைய நிரல் இருக்கும்போதே எல்டிஃப் எடுத்துவிட வேண்டும். புதிய நிரலுக்குப் பழைய கோப்புகளைப் படிக்கவே தெரியாது.

மைனஸ் என் 0 கொடுத்து அமைப்பையும், மைனஸ் என் 1 கொடுத்து டேட்டாவையும் ஸ்லாப்கேட்டால் எடுங்கள். உங்களிடம் டேட்டாபேஸ்கள் அதிகம் இருந்தால் ஒவ்வொன்றையும். அமைப்பில் ஹெச்டிபி என்று வரும் பேக்எண்ட் பெயர், மாட்யூல் பெயர், ஆப்ஜெக்ட் கிளாஸ் மூன்றையும் எம்டிபி ஆக்குங்கள். கேஷ் அளவு, டிபி கான்ஃபிக் வரிகளை நீக்குங்கள். எம்டிபிக்கு அவை தெரியாது, எழ மறுக்கும். டேட்டாபேஸின் அதிகபட்ச அளவான மேக்ஸ் சைஸ் வைக்காமல் விடாதீர்கள். இயல்பான மதிப்பு 10 எம்பி மட்டும். ஸ்லாப்ஆட் பாதியில் மேப் ஃபுல் என்று நிற்பதற்கு இதுவே காரணம். டேட்டா வளரக்கூடிய அளவைவிடத் தாராளமாகவே வையுங்கள். ரூட்டாக ஸ்லாப்ஆட் ஓட்டியிருந்தால், கோப்புகளின் உரிமையை ஸ்லாப்டியின் பயனருக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

விழுவது நின்றதா என்று பார்ப்பது

ஸ்லாப்டி எழுந்ததும் மேப்ஸ் கோப்பை மறுபடி படியுங்கள். லிப்டிபி ஒரே பாதையில், அல்லது எம்டிபிக்கு மாறியிருந்தால் இல்லவே இல்லை என்று வர வேண்டும். எம்டிபிக்கு மாறிய பிறகும் லிப்டிபி தெரிந்தால், ஏதோ ஒரு சாஸல் ப்ளக்இன் இன்னும் அதை இழுத்து வருகிறது. எது என்று எல்டிடி சொல்லும். பிறகு முதலில் செய்த அதே ஐந்து சோதனைகள்: வெறும் தேடல், சிம்பிள் பைண்ட், டிஎல்எஸ், சாஸல், ஒரு திருத்தம். பழைய எல்டிஃபில் உள்ள பதிவு எண்ணிக்கையையும் புதிய ஸ்லாப்கேட்டின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால் சர்வரையே ஒரு முறை ரீபூட் செய்து, மறுபடி அதே ஐந்தையும் ஓட்டுங்கள்.

நிறுத்திவைத்த தானியங்கி ரீஸ்டார்ட்டைத் திரும்பப் போடுவது கடைசி வேலை. நான் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டும் எழுதி வைத்தேன். ஸ்லாப்டி, சாஸல் ப்ளக்இன்கள், மாட்யூல்கள் எல்லாவற்றுக்கும் எல்டிடி ஓட்டி, ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்பு வந்தால் மெயில் அனுப்பும். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பின்னும் அது ஓடுகிறது. அப்டேட் போடும் இரவிலேயே ஸ்லாப்டியையும் ரீஸ்டார்ட் செய்துவிடுகிறேன். விழுவதென்றால் நான் உட்கார்ந்திருக்கும்போதே விழட்டும்.